கூம்புப்பல், குழிப்பல், கொம்புப்பல்

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. வாயில் சொத்தை இல்லை, விழுந்து அடிபட்டதும் இல்லை. ஆனால் கீழ்த்தாடையில் ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் இரண்டாவது முன்கடைவாய்ப்பல்லின் (கோரைப்பல்லுக்குப் பின்னால் இரண்டாவதாக நிற்கும் பல்) வேர்நுனியைச் சுற்றிக் கருநிழல். ஓர் ஓட்டைகூட இல்லாத பல் எப்படிச் செத்தது? பதில் அந்தப் பல்லின் மேல்பரப்பிலேயே இருக்கும். பல்லை நன்றாக உலர்த்தி, வெளிச்சம் பாய்ச்சி, உருப்பெருக்கி வழியே பார்த்தால் நடுப்பள்ளத்தில் ஒரு சின்ன வட்டம் தெரியும். ஓரத்தில் வெள்ளையாக எனாமல் வளையம், உள்ளே மஞ்சளாக டென்டின் என்னும் அடியடுக்கு, அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி. பல் முளைத்தபோது அந்த இடத்தில் ஒரு குட்டிக் கொம்பு இருந்தது. எதிர்ப்பல் பட்டுப் பட்டு அது ஒடிந்துபோனது. நடுவில் தெரியும் அந்தப் புள்ளிதான், பல்லின் உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் பற்கூழுக்குள் கிருமிகள் நுழைந்த வாசல்.

பல்லின் அளவும் வடிவமும் பிசகினால் நம் ஊரில் அதை அழகுக் குறையாகவே பார்க்கிறோம். கல்யாண வயதில் சரிசெய்து கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறோம். சில பிசகுகளுக்கு அது போதும். வேறு சிலவற்றுக்கோ பல் முளைத்த சில மாதங்களுக்குள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அந்த நேரம் தவறினால் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் பழைய நிலை திரும்பாது. எது எந்த வகை என்று பிரித்தறிய, வடிவம் எப்போது எப்படித் தீர்மானமாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கருவின் 6-வது வாரத்தில் தாடை ஓரத்தில் ஒரு பட்டைபோலத் தடிக்கும் திசுவிலிருந்து பற்கள் கிளம்புகின்றன. முதலில் மொட்டு, பிறகு தொப்பி, அதன்பின் மணி என்று மூன்று உருவங்களை எடுக்கின்றன. தொப்பி நிலையில் ‘எனாமல் முடிச்சு’ என்ற சிறு உயிரணுக் கூட்டம் உருவாகிறது. எங்கே மேடு எழ வேண்டும், எங்கே பள்ளம் விழ வேண்டும் என்ற சைகைகளை அனுப்புவது அதுதான். மணி நிலையில் உள்விளிம்பு மடிந்து மடிந்து பல்லின் வரைபடம் முடிவாகிவிடுகிறது. அந்த வரைபடத்தின்மேல்தான் பிறகு டென்டினும் எனாமலும் படிகின்றன. விளிம்பு வெளிப்புறம் பிதுங்கினால் கொம்பு, உட்புறம் அமுங்கினால் குழி, சுருங்கினால் கூம்பு.

கீழ் இரண்டாவது முன்கடைவாய்ப்பல் படியத் தொடங்குவது ஏறக்குறைய இரண்டே கால் வயதில். மேல் பக்க வெட்டுப்பல் (நடு முன்பல்லுக்கு அடுத்தது) படியத் தொடங்குவது 10 முதல் 12 மாதங்களில். வரைபடம் அதற்கும் முன்பே போட்டாகிவிடும். ஆகவே பிள்ளை சாப்பிட்ட மிட்டாயோ விரல் சூப்பியதோ பல் துலக்காததோ இந்த வடிவப் பிசகுகளுக்குக் காரணமே அல்ல. பெற்றோர் தங்களையோ பிள்ளையையோ நொந்துகொள்ள இதில் எதுவும் இல்லை.

பிசகு அல்லாதவற்றையும் முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 7 வயதில் முளைக்கும் நடு வெட்டுப்பல் பூதாகாரமாகத் தெரிகிறது என்ற புகார் மிகச் சாதாரணம். பால்பல்லின் அகலம் சுமார் 6.5 மி.மீ., அதே இடத்தில் வரும் நிரந்தரப் பல்லின் அகலம் சுமார் 8.5 மி.மீ. முகம் வளர வளர அது பொருந்திவிடும். புதுப்பல்லின் விளிம்பு ரம்பம்போல மூன்று மேடாக இருப்பதும் இயல்புதான், கடித்துக் கடித்துத் தேய்ந்துவிடும். மேல் முதல் கடைவாய்ப்பல்லின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் குட்டி மேட்டை 1842-இல் வியன்னாவின் காரபெல்லி விவரித்தார். அவர் பெயரிலேயே வழங்கும் அது நோயல்ல, மனிதப் பல்லின் ஒரு வேறுபாடு. அதை ஒட்டிய பள்ளம் ஆழமாக இருந்தால் மட்டும் சீலன்ட் பூசி அடைத்தால் போதும். உண்மையிலேயே பல் முழுவதும் பெருத்திருக்கிறதா என்று அறிய மறுபக்கத்து ஜோடிப் பல்லோடு அளந்து ஒப்பிட வேண்டும். வெறும் கண்ணளவு ஏமாற்றும்.

அளவுப் பிசகில் அதிகம் தென்படுவது மேல் பக்க வெட்டுப்பல் கூம்பாகச் சிறுத்துப்போவது. மருத்துவர்கள் பெக் லேட்டரல் என்பார்கள். வழக்கமாக 6.5 மி.மீ. அகலம் இருக்க வேண்டிய பல் 4, 4.5 மி.மீ.க்குச் சுருங்கி, ஈறோரத்தைவிட முனை ஒடுங்கி ஆணிபோல நிற்கும். நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு இது இருக்கிறது, பெண்களிடம் சற்றுக் கூடுதல். ஒரு பக்கம் கூம்பாக இருந்தால் மறுபக்கத்துப் பல் முளைக்காமலே போகவும் வாய்ப்பு உண்டு. இரண்டும் ஒரே மரபுக் காரணத்தின் இரு அளவுகள், குடும்பத்தில் கேட்டால் அத்தைக்கோ சித்தப்பாவுக்கோ இருந்திருக்கும்.

இந்தக் கூம்புப்பல்லோடு வரும் இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. மேல் கோரைப்பல் கீழிறங்கும்போது பக்க வெட்டுப்பல்லின் வேரைச் சார்ந்தே வழி பிடிக்கிறது. வேர் சிறுத்திருந்தால் அது வழி தவறி அண்ணத்துப் பக்கம் போய்ப் புதைந்துவிடலாம். 10 வயதில் மேல் ஈறின் வெளிப்புறத்தை விரலால் தடவினால் கோரைப்பல்லின் புடைப்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஸ்வீடனின் எரிக்சனும் குரோலும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், அண்ணத்துப் பக்கம் சாய்ந்த 46 கோரைப்பற்களில் 36, பால் கோரைப்பல்லைப் பிடுங்கியதும் தாமாகவே சரியான பாதைக்குத் திரும்பின. சரியான வயதில் ஒரு பால்பல்லை எடுத்தால், பிற்பாடு ஈறைக் கிழித்துக் கோரைப்பல்லைச் சங்கிலி போட்டு இழுக்கும் வேலை பல பிள்ளைகளுக்கு மிச்சமாகும்.

கிளிப் போடும்போதும் கூம்புப்பல் கணக்கைக் குலைக்கும். 1958-இல் பல் சீரமைப்பு மருத்துவர் போல்ட்டன் வகுத்த விகிதப்படி கீழ் முன்பற்கள் ஆறின் மொத்த அகலம் மேல் ஆறின் அகலத்தில் 77.2 சதவீதமாக இருக்க வேண்டும். கீழே 36 மி.மீ. என்றால் மேலே 46.6 மி.மீ. தேவை. ஒரு பக்க வெட்டுப்பல் 2 மி.மீ. சிறுத்திருந்தால் அந்த 2 மி.மீ. எங்காவது இடைவெளியாகத் தலைகாட்டியே தீரும். அதைப் பார்க்காமல் எல்லா இடைவெளியையும் இழுத்து மூடினால் மேற்பற்களின் நடுக்கோடு ஒரு பக்கம் நகர்ந்துவிடும், அல்லது மேல்வரிசை உள்வாங்கிக் கீழ்ப்பற்களை இடிக்கும். இரண்டு ஆண்டு கிளிப் போட்ட பிறகு இதைக் கண்டுபிடிப்பது வீண் வேதனை. தொடக்கத்திலேயே அளந்து, கூம்புப்பல்லின் இருபுறமும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கிளிப் போடுபவரும் பல்லைக் கட்டப்போகிறவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

கட்டுவதற்குப் பெரும்பாலும் காம்போசிட் என்னும் பல் நிறப் பொருள் போதும், பல்லைச் செதுக்கவே தேவையில்லை. நிறத்தைப் பல் ஈரமாக இருக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். காய்ந்த பல் வெளுத்துக் காட்டும், அந்த நிறத்தில் கட்டினால் மறுநாள் தனியாகத் தெரியும். ப்யூமிஸ் தூளால் துலக்கி, 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை வைக்க வேண்டும். செதுக்காத எனாமலின் மேற்பரப்பு எளிதில் அரிபடாது என்பதால் 30 விநாடி நல்லது. பிறகு கழுவி உலர்த்தினால் பரப்பு சுண்ணாம்பு பூசியதுபோல வெளிற வேண்டும். வெளிறாத இடத்தில் பிசின் பிடிக்காது. அந்த ஓரம்தான் ஓர் ஆண்டில் தேநீர்க் கறை ஏறிப் பழுப்புக் கோடாகும். அடுத்து பிசின், அதன்மேல் 2 மி.மீ.க்கு மிகாத அடுக்குகளாகக் காம்போசிட், ஒவ்வோர் அடுக்குக்கும் ஒளி. பெரும்பாலும் பிசகுவது ஈறோரத்தில். ஒடுங்கிய கழுத்திலிருந்து திடீரென்று அகலப்படுத்தினால் அங்கே ஒரு படி உண்டாகி, அழுக்கு தங்கி, துலக்கும்போதெல்லாம் ரத்தம் கசியும். ஈறுக்குச் சற்று உள்ளிருந்தே மெல்ல விரிவாக்கி, நூல் விட்டுப் பார்த்தால் தடங்கல் இல்லாமல் வழுக்க வேண்டும். பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடான வெனீருக்கு அவசரப்படக் கூடாது. வளரும் வயதில் ஈறு மேலேறிக்கொண்டே இருக்கும், 18 வயதுக்கு முன் ஒட்டினால் ஓரம் வெளியே தெரிந்துவிடும்.

அதே பக்க வெட்டுப்பல்லில்தான் குழிப்பல்லும் அதிகம் வருகிறது. டென்ஸ் இன்வாஜினேட்டஸ் என்பது அதன் பெயர். மணி நிலையில் விளிம்பு உள்ளே அமுங்கி, பல்லுக்குள் ஒரு பை உருவாகிவிடுகிறது. வாயில் தெரிவதெல்லாம் பல்லின் உட்புறத்து மேட்டில் ஒரு புள்ளிக் குழி மட்டுமே. பையின் உட்சுவரில் எனாமல் காகிதம்போல மெலிந்திருக்கும், சில இடங்களில் இல்லாமலும் இருக்கும். குழிக்குள் தங்கும் உணவும் கிருமியும் அந்த மெல்லிய சுவரைத் தாண்டிச் சில மாதங்களிலேயே பற்கூழை அடைந்துவிடும். பல்லின் மேற்பரப்பில் சொத்தையின் அடையாளமே இருக்காது.

சிங்கப்பூரில் பணியாற்றிய ஓலர்ஸ் 1957-இல் இதை மூன்றாகப் பிரித்தார். முதல் வகை, ஈறுக்கு வெளியே தெரியும் மகுடத்துக்குள்ளேயே நின்றுவிடும். இரண்டாவது வேருக்குள் இறங்கிக் குருட்டுப் பையாக முடியும். மூன்றாவது வேரைத் துளைத்துக்கொண்டு பக்கவாட்டிலோ நுனியிலோ எலும்புப் பக்கம் திறக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் பல்லுக்குள் ஒரு வெள்ளைக் கோட்டு உருவம், பல்லுக்குள் பல் வைத்ததுபோல் தெரியும். இரண்டு, மூன்றாம் வகைகளில் முப்பரிமாண எக்ஸ்ரேயான சி.பி.சி.டி. எடுக்காமல் கைவைப்பது இருட்டில் துழாவுவதற்குச் சமம்.

நோய் வருமுன் பிடித்துவிட்டால் வேலை மிக எளிது. 8, 9 வயதில், அதாவது மூன்றாம் நான்காம் வகுப்புப் படிக்கும்போது இந்தப் பல் வெளியே வரும். உட்புறம் தெரிந்த உடனே குழியைச் சுத்தம் செய்து, அமிலம் வைத்து, வழிந்தோடும் காம்போசிட்டை உள்ளே விட்டு அடைத்துவிட வேண்டும். பல் சோதிக்கும் கூர் ஊக்கு உள்ளே போகிறதா என்று குத்திப் பார்த்துவிட்டுக் குழி ஆழமில்லை என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. ஊக்கின் முனையைவிட வாய் குறுகலாக இருக்கும்போது ஊக்கு எதையும் சொல்லாது. ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கத்தையும் பார்த்து அடைக்க வேண்டும், இது பல நேரம் ஜோடியாக வரும்.

மூன்றாம் வகையில் ஒரு நுட்பம் இருக்கிறது. வேர் அருகே சீழ் கண்டதும் பற்கூழ் செத்துவிட்டது என்று முடிவுகட்டி முழு வேர் சிகிச்சை தொடங்குவார்கள். ஆனால் சீழ் பையின் வழியாக மட்டும் வந்திருக்கலாம், பற்கூழ் உயிரோடு இருக்கலாம். குளிர் வைத்தும் மின்கருவியாலும் சோதித்துப் பற்கூழுக்கு உணர்ச்சி இருந்தால், பையைத் தனிக் குழாயாக எண்ணி அதை மட்டும் கழுவி அடைத்துவிட்டு உயிருள்ள பகுதியைத் தொடாமல் விடலாம். இளம்பல்லின் வேர் தொடர்ந்து வளரப் பற்கூழ் வேண்டும்.

இதே பல்லில் சிலருக்கு உட்புற மேட்டிலிருந்து ஒரு வரிப்பள்ளம் ஈறுக்குள் இறங்கி வேர்வழியே ஓடும். அந்த ஒரே இடத்தில் ஈறு குறுகலாகவும் ஆழமாகவும் கழன்றிருக்கும். வேர் சிகிச்சை செய்தும் சீழ் நிற்காத பக்க வெட்டுப்பல் என்றால் இந்த வரியைத் தேட வேண்டும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கொம்பு. டென்ஸ் இவாஜினேட்டஸ் என்பது மருத்துவப் பெயர். 1946-இல் மலாயாவில் லியாங் இதை எடுத்துரைத்ததால் ‘லியாங் முன்கடைவாய்ப்பல்’ என்றும் சொல்வார்கள். சீனர், மலாய், தாய், ஜப்பானிய மக்களிடமும் அமெரிக்கப் பழங்குடிகளிடமும் இது கூடுதல். நம்மவர்களிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. குறைவு என்பதாலேயே பார்க்கத் தவறுகிறோம். மலேசியா, சிங்கப்பூர்ப் பல் மருத்துவர்கள் பிள்ளையின் வாயைத் திறந்ததும் தேடும் பொருள் இது.

அதிகம் வருவது கீழ் இரண்டாவது முன்கடைவாய்ப்பல்லில், பெரும்பாலும் இருபுறமும். இரண்டு மேடுகளுக்கு நடுவே சுமார் 2 மி.மீ. அகலத்தில் நெல்முனைபோல எழும்பி நிற்கும். வெளியே மெல்லிய எனாமல், உள்ளே டென்டின், பெரும்பாலானவற்றில் அதற்குள்ளும் பற்கூழின் ஒரு நூல் ஏறியிருக்கும். பல் 11, 12 வயதில் வெளிவருகிறது. எதிர்ப்பல்லைத் தொட்டதும் அந்தச் சின்னக் கொம்பே மெல்லும் விசை முழுவதையும் தாங்குகிறது. ஒடிய வெகுகாலம் ஆகாது. வேர்நுனி மூடுவதோ 13, 14 வயதில். ஒடிந்து பற்கூழ் செத்தால் வேர் அதோடு வளர்ச்சியை நிறுத்திவிடும். குட்டையான, சுவர் மெலிந்த, நுனி ஊதல்வாய்போல விரிந்த ஒரு குழாய்தான் மிஞ்சும்.

ஒடியுமுன் கண்டால் செய்ய வேண்டியது, கொம்பை வெட்டுவதல்ல, அதற்கு முட்டுக் கொடுப்பது. வாழைக்கன்றுக்கு மண் அணைப்பதைப் போன்றது இது. ரப்பர் டேம் என்னும் ரப்பர் விரிப்பை மாட்டிப் பல்லை எச்சிலிலிருந்து பிரித்து, தூரிகையால் பள்ளங்களைத் துலக்கி, அமிலம் வைத்து 15 முதல் 20 விநாடியில் கழுவி, பிசின் பூசி, கொம்பின் அடியைச் சுற்றி நாலாபுறமும் வழிந்தோடும் காம்போசிட்டைச் சரிவாக அணைத்து ஒளியூட்ட வேண்டும். எச்சில் ஒரு துளி பட்டாலும் மறுபடி அமிலம் வைக்க வேண்டும், இல்லையேல் சில வாரங்களில் காம்போசிட் கழன்று கொம்பு மறுபடி தனியே நிற்கும். பிறகு வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, கொம்பின்மேல் அச்சு விழுந்தால் எதிர்ப்பல்லின் மேட்டை மிகச் சிறிதளவு தேய்த்துத் தொடுதலை விடுவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, கழன்ற இடத்தை நிரப்பி, வேர்நுனி மூடும்வரை எக்ஸ்ரேயில் கவனிக்க வேண்டும். அதற்குள் கொம்பு காம்போசிட்டோடு சேர்ந்து மெதுவாகத் தேயும். பற்கூழும் உள்ளிருந்து புது டென்டினைப் படியவிட்டுப் பின்வாங்கிக்கொள்ளும்.

கொம்பை ஒரே அமர்வில் சமமாகச் சீவிவிடுவது மேலோட்டமாகப் பார்த்தால் நேர்த்தியான தீர்வு. ஆனால் எதிர்ப்பல் செய்யவிருந்த தீங்கை நாமே கையால் செய்வதாக முடியும்.

ஒடிந்து, பற்கூழும் செத்து, நுனி திறந்திருந்தால் வழக்கமான வேர் சிகிச்சை பலிக்காது. அடைக்கும் பொருளுக்கு நுனியில் தடுப்பே இல்லை, எலும்புக்குள் பிதுங்கிவிடும். முன்பெல்லாம் கால்சியம் ஹைட்ராக்சைடை மாதக் கணக்கில் மாற்றி மாற்றி வைத்து நுனியில் ஒரு கடினத் தடுப்பு உருவாகக் காத்திருப்பார்கள். நீண்ட நாள் அது உள்ளே இருந்தால் டென்டின் நொய்ந்து வேர் முறியும் ஆபத்து உண்டு. இப்போது எம்.டி.ஏ. என்னும் சிமென்ட்டை நுனியில் 4, 5 மி.மீ. அடைத்து ஓரிரு அமர்வில் முடிக்கிறார்கள். ஆனாலும் வேரின் சுவர் மெலிந்தது மெலிந்ததுதான்.

அதனால்தான் மறுவளர்ச்சிச் சிகிச்சை முக்கியமாகிறது. 2001-இல் ஜப்பானின் இவாயா குழுவினர் வெளியிட்ட 13 வயதுப் பிள்ளையின் பல், சீழ் வழிந்த ஒரு கீழ் இரண்டாவது முன்கடைவாய்ப்பல்தான். கிருமிகளை மருந்தால் ஒழித்து விட்டபின் 30 மாதங்களில் அதன் நுனி மூடி, வேரின் சுவரும் தடித்தது. இன்றைய முறையில் முதல் அமர்வில் 1.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டால் மெதுவாகக் கழுவி, சுவரைச் சுரண்டாமல், மருந்து வைத்துச் சில வாரம் விடுவார்கள். அடுத்த அமர்வில் அட்ரினலின் கலக்காத மரப்பு ஊசி போட வேண்டும். அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், இங்கே நமக்கு ரத்தம் வேண்டும். 17 சதவீத ஈ.டி.டி.ஏ. கரைசலால் கழுவியபின் நுனியைத் தாண்டி ஒரு மெல்லிய கருவியால் தூண்டி, குழாய்க்குள் ரத்தம் ஏறி உறைந்ததும் அதன்மேல் எம்.டி.ஏ. போன்ற சிமென்ட்டை வைத்து மூட வேண்டும். நுனித் திசுவின் தண்டு உயிரணுக்கள் அந்த உறைவுக்குள் வந்து குடியேறுகின்றன. எல்லாப் பல்லிலும் வேர் ஒரே அளவு தடிப்பதில்லை, ஆனால் சீழ் ஆறுவதும் எலும்பு மறுபடி நிறைவதும் பெரும்பாலும் நடக்கிறது.

மேல் வெட்டுப்பல்லின் உட்புறத்தில் வரும் கொம்பை, கழுகின் நகத்தைப் போன்றது என்று டேலன் மேடு என்பார்கள். அது நாக்கைக் குத்தாமல், கடியைத் தடுக்காமல் இருந்தால் ஓரப் பள்ளங்களை அடைத்தால் போதும். தடுத்தால் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசி, பற்கூழ் பின்வாங்க அவகாசம் கொடுக்க வேண்டும்.

ஒட்டிப் பிறந்த பற்களுக்கு எண்ணிக்கையே துப்பு. அகலமான பல்லை ஒன்றாக எண்ணும்போது வரிசையில் ஒரு பல் குறைந்தால் இரண்டு முளைகள் இணைந்திருக்கின்றன, குறையாவிட்டால் ஒரே முளை பிளக்க முயன்றிருக்கிறது. கூடுதல் பல் ஒன்று இணைந்திருந்தால் இந்தக் கணக்கு பொய்க்கும். கீழ் முன் பால்பற்களில் இணைப்பைப் பார்த்தால் நடுவரியை அடைத்துவிட்டு, 6, 7 வயதில் தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. எடுக்க வேண்டும். அதன் கீழ் வரவேண்டிய நிரந்தரப் பல் ஒன்று இல்லாமல் போயிருக்கலாம்.

பல்லின் வடிவம் உடலின் வேறொரு நிலைக்குச் சாட்சி சொல்வதும் உண்டு. சிறுவயதில், அதிலும் 5 வயதுக்குள், புற்றுநோய்க்கு மருந்தோ கதிர்வீச்சோ பெற்ற பிள்ளைகளுக்கு முன்கடைவாய்ப்பற்கள் சிறுத்தும் வேர்கள் குட்டையாகவும் வரலாம். அவர்களுக்குக் கிளிப் போடுமுன் வேரின் நீளத்தைக் கட்டாயம் அளக்க வேண்டும். முன்பற்கள் கூம்பு கூம்பாக நான்கைந்தே முளைத்து, தலைமுடி மெலிந்து, பிள்ளைக்கு வியர்க்கவே இல்லை என்றால் எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்ற மரபுக் குறையைச் சந்தேகிக்க வேண்டும். சார்லஸ் டார்வின் 19-ஆம் நூற்றாண்டிலேயே சிந்து மாகாணத்து இந்துக் குடும்பம் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குச் சில பற்களே இருந்தன, வெயில்காலத்தில் தோல் வறண்டு துன்பப்பட்டார்கள். பெண்கள் வழியாகக் கடந்து ஆண்களைப் பாதிக்கும் எக்ஸ் குரோமோசோம் மரபின் பழைய பதிவு அது. இந்தப் பிள்ளைக்கு அக்னி நட்சத்திர வெயிலில் வரும் காய்ச்சல் பல நேரம் தொற்றால் வருவதல்ல, உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாததால் வருவது. பல் செட்டுக்கு முன்பாக ஈரத்துணி, நிழல், குழந்தை மருத்துவரிடம் ஒரு கடிதம் ஆகியவை முதலில் வேண்டும்.

பெரியவர்களின் எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரியும் ‘மாட்டுப்பல்’ வடிவத்துக்கு 1913-இல் உடற்கூறியல் அறிஞர் ஆர்தர் கீத் டாரோடான்டிசம் என்று பெயரிட்டார். பற்கூழ் அறை கீழிறங்கி வேர்கள் மிகத் தாழ்வாகப் பிரியும். வலி தராது, ஆனால் வேர் சிகிச்சை செய்பவர் குழாய்களின் வாயை வழக்கமான ஆழத்தில் தேடினால் கிடைக்காது. படத்தைப் பார்த்துவிட்டே துளையிட வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு ஒடிந்த கொம்பால் சீழ் வந்திருந்தால், அன்றைக்கே நாற்காலியை விட்டு இறக்குமுன் மறுபக்கத்து முன்கடைவாய்ப்பல்லையும் உலர்த்திப் பார்க்க வேண்டும். அங்கே கொம்பு இன்னும் முழுதாக நின்றுகொண்டிருக்கலாம். அதற்கு மண் அணைக்கப் பதினைந்து நிமிடம் போதும்.